கடல் மட்டமும் நம் குடியிருப்புகளும்: இணையவழி நிலப்படங்களைக் கற்றல்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிய செயலன்று. பீங்கான் தொழிற்கூடங்களிலும், வயல்களிலும், கட்டட வேலைகளிலும் உழைத்துப் பெற்ற கூலியிலிருந்து மாதந்தோறும் சந்தா கொடுத்தவர்களின் உழைப்பால் வளர்ந்தது இச்சங்கம். அவர்களுக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்.

கடலோர வெள்ள அபாயத்தையும் கடல் மட்டம் உயர்வதையும் காட்டுகின்ற இணையவழி நிலப்படங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விருத்தாசலத்தில் இருப்போர்க்குக் கடலைப் பற்றிய கவலை எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நமது நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் இங்கு வரப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால், நம் ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பைக் கடந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. ஆற்றின் வழியே சென்றால் நம்முடைய பெண் கொடுத்த ஊர்களும், பெண் எடுத்த ஊர்களும் இருக்கின்றன. புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், குறிஞ்சிப்பாடி வட்டங்களில் நம் மக்கள் பல்லாயிரவர் தாழ்ந்த நிலத்தில் குடியிருக்கிறார்கள். நம் இளைஞர்களுக்குக் கற்க வாய்ப்பிருக்கிறது. கற்றதை அவ்வூர்களுக்குக் கொண்டு செல்லும் கடமையும் நமக்கிருக்கிறது.

கடல் மட்டம் என்பது யாது?

இரயில் நிலையத்தின் மஞ்சள் நிறப் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? கடல் நீர் நாள்தோறும் ஏறுகிறது, இறங்குகிறது. துறைமுகங்களில் கருவி வைத்து ஆண்டுக் கணக்கில் அளந்து சராசரி கண்டால் அதுவே சராசரிக் கடல் மட்டம். இந்திய நில அளவைத் துறையினர் 1909-ஆம் ஆண்டளவில் ஒன்பது துறைமுகங்களின் அளவுகளைக் கொண்டு நாட்டிற்குரிய மட்டத்தை நிலைநாட்டினர். சென்னையும் நாகப்பட்டினமும் அவ்வொன்பதில் அடங்கும். நாட்டில் உள்ள உயரங்கள் யாவும் அந்தக் கணக்கின்மேல் எழுந்தவை.

அந்த மட்டம் இன்று ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சார்ந்த பருவநிலை அறிவியலாளர் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. அவ்வீதத்தில் கணக்கிட்டால், இச்சங்கத்தின் வயதாகிய 25 ஆண்டுகளுக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகிறது. புகை வெளியீடு பெரிதும் குறைந்தால் 2100-இல் இவ்வுயர்வு 28 முதல் 55 சென்டிமீட்டருக்குள் இருக்கலாம் என்றும், மிகுந்தால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை செல்லலாம் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. காரணங்கள் முக்கியமாக இரண்டு: வெப்பத்தால் கடல் நீர் விரிவடைகிறது. பனிப்பாறைகளும் பனிப்படலங்களும் உருகி நீராகின்றன.

9 சென்டிமீட்டர் ஒரு பெரிய அளவா என்று கேட்கலாம். கடலோரச் சமவெளியில் நிலம் ஒரு மீட்டர் உயர்வதற்குச் சில கிலோமீட்டர் தூரம் நடக்க வேண்டியிருக்கும் இடங்கள் உண்டு. அவ்விடங்களில் ஒரு சாண் நீர் கூடினால் அது நெடுந்தூரம் பரவும். மேலும், கடல் உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீர் முகத்துவாரத்தில் வடிவதற்குத் தடுமாறுகிறது. மழை வெள்ளமும், புயலால் எழும் கடல் ஏற்றமும், முழுநிலா நாளின் ஓதமும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் வயலில் நின்ற நீர் குடிசைக்குள் புகுகிறது. நீர் வடிந்த பின்பும் உப்பு மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடுகிறது. அந்த நிலத்தில் நாற்று நடும் வேலை போனால், முதலில் கூலியை இழப்பவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நமது மாவட்டம் கண்டவை

2004-ஆம் ஆண்டு முதல் கடலூர் மாவட்டம் கண்டவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நம் விருத்தாசலம், பண்ருட்டிப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்களில் வீடுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதனையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் கரையோர ஊர்கள் மூழ்கின.

இந்நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. இரண்டாவதில் காற்றே பேரழிவு செய்தது. மூன்றாவது உள்நாட்டு மழையின் விளைவு. நான்காவதில் மழையும் அணை நீரும் சேர்ந்தன. எந்த நிலப்படம் எந்த அபாயத்தைக் காட்டுகிறது என்பதைப் பிரித்தறியாமல் படத்தைப் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வருவார். ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலப்படக் கருவிகள்

முதலாவது, அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் என்னும் ஆய்வு நிறுவனம் இணையத்தில் வைத்துள்ள கடலோர அபாயப் படம். ஆண்டையோ, நீர் மட்டத்தையோ நாம் தேர்ந்தெடுத்தால், அந்த மட்டத்திற்குக் கீழே வரக்கூடிய நிலத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டும். கைப்பேசியிலேயே இதனைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம், கொள்ளிடக் கரை ஆகியவற்றை இதில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 2021-இல் வெளியிட்ட கடல் மட்டக் கணிப்புக் கருவி. இது நிலத்தைக் காட்டுவதில்லை. ஒரு துறைமுகத்தில் எந்தப் பத்தாண்டில் கடல் எவ்வளவு உயரலாம் என்று எண்ணாகச் சொல்கிறது. இந்தியாவில் சென்னை, தூத்துக்குடி உள்ளிட்ட துறைமுகங்களுக்கு இக்கணிப்பைக் காணலாம்.

மூன்றாவது, நம் நாட்டுக் கருவிகள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் தளத்தில் நம் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைக் காணலாம். ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இரவையும் ஊடுருவிப் பார்க்க வல்லவை. ஆதலால் புயல் நாட்களிலும் நீர் பரவிய இடத்தை அவை காட்டுகின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை வழங்கி வருகிறது. கடலோரத்தில் எப்பகுதி எவ்வளவு பாதிப்புக்கு உட்படக்கூடும் என்னும் படங்களையும் அம்மையம் ஆக்கியிருக்கிறது.

ஆற்று வெள்ளத்திற்கு மத்திய நீர் ஆணையத்தின் முன்னறிவிப்பு உண்டு. கூகுள் நிறுவனமும் 2018-இல் பாட்னாவில் தொடங்கி இத்துறையில் பணிபுரிந்து வருகிறது. அடுத்த சில நாட்களுக்குரிய எச்சரிக்கைக்கு இவை உதவும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலையை அறிய முதலிற்சொன்ன இரண்டும் உதவும். இவ்வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

படத்தின் குறைகள்

எந்தக் கருவிக்கும் குறையுண்டு. சிவப்பு நிறத்தைக் கண்டவுடன் ஊரே கடலில் மூழ்கிவிடும் என்று அஞ்சுவதும், நிறமில்லை என்பதால் கவலையில்லை என்று இருந்துவிடுவதும் பிழை.

கடலின் உயரம் நமக்கு ஓரளவு திருத்தமாகத் தெரியும். நிலத்தின் உயரமே சரியாகத் தெரிவதில்லை. உலகப் படங்கள் பலவற்றுக்கும் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த அளவாகும். அந்த ரேடார் தரையை மட்டும் தொடுவதில்லை. தென்னந்தோப்பின் தலையையும், வீட்டுக் கூரையையும், அலையாத்திக் காட்டின் மேற்பரப்பையும் நிலமென்றே எண்ணி அளந்துவிடுகிறது. இதனால் கடலோர நிலங்கள் உண்மை உயரத்தை விடச் சராசரியாக 2 மீட்டர் அளவிற்கு மேடாகக் கணக்கிடப்பட்டிருந்தன. கடல் உயர்வதைச் சென்டிமீட்டரில் பேசும்போது நில அளவில் 2 மீட்டர் பிழை இருந்தால் கணக்கு என்னாகும்?

கிளைமேட் சென்ட்ரல் ஆய்வாளர் இப்பிழையைத் திருத்தி 2019-இல் வெளியிட்ட முடிவு உலகையே திடுக்கிடச் செய்தது. 2050-இல் ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய கடல் வெள்ளத்தின் மட்டத்திற்குக் கீழ் அமையும் நிலத்தில் இன்று வாழ்வோர், முன்பு 8 கோடி என்று எண்ணப்பட்டது. திருத்திய கணக்கில் அது 30 கோடி. இந்தியாவில் மட்டும் 50 இலட்சம் என்றிருந்தது 3 கோடியே 60 இலட்சமாயிற்று. மக்கள் புதிதாக அங்கே குடியேறிவிடவில்லை. அவர்கள் நின்ற நிலத்தின் தாழ்வு அதற்கு முன்பு அளவில் வரவில்லை. அவ்வளவே.

இன்னொரு குறையும் உண்டு. இப்படங்களில் பல, தொட்டியில் நீர் ஊற்றுவது போன்ற எளிய கணக்கைக் கொண்டவை. நீர் மட்டத்திற்குத் தாழ்ந்த இடம் நனையும், உயர்ந்த இடம் நனையாது என்பதே அக்கணக்கு. சாலைக்கரை நீரைத் தடுப்பதும், அடைபட்ட வாய்க்காலால் நீர் தேங்குவதும், மதகு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் அதில் வருவதில்லை. 2015-இல் நெய்வேலிப் பக்கம் பெய்த மழையைக் கடல் மட்டப் படம் காட்டியிராது. இப்படங்கள் முதற்கட்ட ஆய்விற்குரியவை. ஒரு வீடு இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய, நேரில் அளந்த அளவு வேண்டும்.

நம் மக்களுக்கு இதில் என்ன?

இப்பொழுது நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். நிலப்படத்தில் ஊர் இருக்கும், சேரி இருக்காது. இணையப் படங்களில் தேடிப் பாருங்கள். ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கோயிலும், பெரிய தெருவும் பெயரோடு இருக்கும். அதற்கப்பால் வயலின் நடுவே கூரைகள் தெரியும். ஆனால் பெயர் இராது. பெயரில்லாத குடியிருப்பிற்கு எச்சரிக்கை சொல்லவும், படகு அனுப்பவும், இழப்பைக் கணக்கெடுக்கவும் மற்றவர்கள் மறந்துவிடுவது எளிது.

இது கற்பனையன்று. ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணக் கணக்கெடுப்பில் தலித் மக்கள் விடுபட்டதையும், முகாம்களில் பாகுபாடு காட்டப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் இழந்தவர்க்கு இழப்பீடு வரையறுக்கப்பட்டது. அது நியாயமே. மீன் கூடை சுமந்தவரும், உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்தவரும் இழந்த வேலைக்குக் கணக்கு எங்கே என்பதே கேள்வி.

குடியிருப்பு நிலம் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மக்களுக்கு மனை வழங்குவதற்காக நிலம் எடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1978-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தால் பட்டா பெற்றுத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் பல. ஆயினும், கிடைத்த மனை மேடா பள்ளமா என்று கேட்கும் நிலையில் அன்று நம்மவர் இல்லை. வாய்க்கால் ஓரத்திலும் ஏரியின் வடிகால் பக்கத்திலும் அமைந்த குடியிருப்புகளை இன்றும் காண்கிறோம். இனி மனை கேட்கும்போது நிலத்தின் உயரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நிலப்படம் நமக்கு எதிராகவும் பயன்படலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அபாயப் பகுதி என்று கூறி ஏழைக் குடியிருப்பை அகற்றிவிட்டு, அதே இடத்தில் வேறு கட்டடத்திற்கு அனுமதி கொடுத்தால் அது பாதுகாப்பு ஆகாது. வேலையும் பள்ளியும் எட்டாத தூரத்தில் குடியமர்த்துவதும் தீர்வு ஆகாது. படம் படிக்கத் தெரிந்தவனே, எங்கள் நிலம் அபாயமென்றால் அடுத்த நிலம் எப்படி அபாயமற்றதாயிற்று என்று கேட்க முடியும். இடம் மாற வேண்டியது உண்மையிலேயே தேவையானால், எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்று பேசவும் அவனால் முடியும்.

நீரைப் பற்றிய அறிவு நம் இயக்கத்திற்குப் புதிதன்று. 1927-இல் மகாடு குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்குப் போராடிய பாபாசாகேப் அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1945 நவம்பரில் கட்டாக் நகரில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றி அவர் உரையாற்றியபோது, வெள்ளத்தை வெறும் தீமையாகக் கருதிக் கடலுக்குத் துரத்துவதை விட, தேக்கிப் பயன்கொள்வதே அறிவுடைமை என்று வாதிட்டார். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு அவர் பொறுப்பில் இருந்தபோது 1945-இல் நிறுவப்பட்டதாகும். குளத்து உரிமைக்குப் போராடியவரே ஆற்று நீர்க் கணக்கையும் கற்றார் என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்திலும் வழிகாட்டிகள் இருந்தனர். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தர் நமக்குப் பள்ளியைத் தந்தார். காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள் அவர்கள் தலைமையிலான குழு 1969-இல் அளித்த அறிக்கை, நம் மக்களின் துன்பத்தை நாடு முழுவதும் சுற்றித் திரட்டிய சான்றுகளோடு அரசின் முன் வைத்தது. சான்றோடு பேசுவது எத்தகைய வலிமை என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இளைஞர்கள் செய்யத்தக்கவை

இறுதியாக, இச்சங்கத்தின் இளைஞர்கள் செய்யத்தக்க சில பணிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, குடியிருப்புகளைப் படத்தில் ஏற்றுதல். ஓப்பன் ஸ்டிரீட் மேப் என்னும் திறந்த நிலப்படத்தில் எவரும் பெயரும் பாதையும் குறிக்கலாம். ஒவ்வொரு குடியிருப்பின் பெயர், அதற்குச் செல்லும் வழி, கைப்பம்பு, பள்ளி, அங்கன்வாடி, வெள்ளக் காலத்தில் தங்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயரை அம்மக்கள் விரும்பும் முறையில் எழுதுங்கள். இழிவு தரும் பெயரைப் படத்தில் நிலைக்கவிடாதீர்கள்.

இரண்டாவது, உயரத்தை அளத்தல். ஒளிபுகும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதைக் கொண்டு கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதை அறிவீர்கள். நம் வீடுகளில் அந்த வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அக்குழாயைக் கொண்டே ஊர்த்தெரு, காலனித் தெரு, சாலை, வாய்க்காற்கரை, பள்ளிக்கூடத் திண்ணை ஆகியவற்றின் உயர வேறுபாட்டைப் படிப்படியாக அளந்துவிடலாம். செயற்கைக்கோள் 2 மீட்டர் தவறும் இடத்தில் இக்குழாய் சில சென்டிமீட்டருக்குள் சரியாகச் சொல்லும். காலனி ஊரை விட முக்கால் மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று அளந்து எழுதினால் அதை எந்த அதிகாரியும் எளிதில் மறுக்க முடியாது.

மூன்றாவது, முதியோரிடம் கேட்டு வெள்ளக் குறிகளைப் பதிதல். எந்த ஆண்டில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நீர் நின்றது, எத்திசையிலிருந்து வந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்பதை அவர்கள் அறிவர். ஒருவர் நினைவை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிட்டு, ஆண்டோடு எழுதி, சுவரில் வண்ணத்தால் கோடிட்டு வையுங்கள்.

நான்காவது, இவற்றை உரிய இடத்தில் வைத்தல். இணையப் படத்தின் அச்சுப்படி, கிராமப் புலப்படம், நீங்கள் எடுத்த அளவு, வெள்ளக் குறி ஆகிய நான்கையும் இணைத்து ஒரு மனு எழுதுங்கள். அதனைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். வட்டாட்சியர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் படி அனுப்புங்கள். வடிகால் தூர்வாருதல், சாலையின் அடியில் குழாய்ப்பாலம் அமைத்தல், மனையை மேடாக்குதல், எட்டும் தூரத்தில் பாதுகாப்பு மையம் கட்டுதல் என்று கோரிக்கை திட்டவட்டமாக இருக்கட்டும். பதில் இல்லையெனில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஐந்தாவது, இதனையே படிப்பாகவும் தொழிலாகவும் கொள்ளுதல். புவித்தகவலியல், தொலையுணர்தல், நில அளவை ஆகிய துறைகளில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் படிப்புகள் உள்ளன. நம் ஊர்ப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் படிக்கும் மாணவர், சூளையின் வெப்பத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் பாண்டம் வெடிக்கும் என்று அறிந்தவர். அளவின் அருமை அறிந்த அந்தக் கைகளுக்கு நில அளவு கடினமாக இராது. பெண் பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்கத் தயங்க வேண்டாம். வெள்ளத்தன்று குழந்தையையும் முதியோரையும் அடுப்பையும் காப்பாற்றுவோர் அவர்களே. எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

பெரியோர்களே, கடல் உயர்வதை நம்மால் மட்டும் நிறுத்த இயலாது. அதற்குக் காரணமான புகையில் நம் மக்களின் பங்கு மிகச் சிறிது. ஆயினும் அதன் துன்பம் தாழ்ந்த நிலத்தில் இருப்பவரையே முதலில் வந்தடையும். நம்மைத் தாழ்ந்த நிலத்தில் இருத்தியது இயற்கையன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றலாம். அதற்குரிய சான்றைத் திரட்டும் கருவி இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருக்கிறது.

அடுத்த பருவமழைக்கு முன்பாக, இச்சங்கத்தின் சார்பில் வெள்ளாற்றின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குடியிருப்பையேனும் முழுமையாக அளந்து, படமெழுதி, அம்மக்களின் கையில் ஒப்படைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி விழாவின் நினைவாக அதுவே தக்க பணி ஆகும்.